வடித்த அன்னாசிக்குள் தேங்காய் வந்த வழி

பெயரைப் பிரித்துப் பார்த்தால், ரம் ஊற்றிக் கலக்கும் பின்யா கொலாடா என்ற பானத்தில் தேங்காயே கிடையாது. ஸ்பானிய மொழியில் பின்யா என்றால் அன்னாசி, கொலாடா என்றால் வடிகட்டியது. வடித்த அன்னாசிச் சாறு, அவ்வளவுதான். ஆனால் நம் ஊர் உணவகங்களில் ‘பினா கொலாடா’ என்ற பெயரில், வெள்ளையாக நுரைத்து, விளிம்பில் அன்னாசித் துண்டும் செர்ரியும் குத்திக்கொண்டு வரும் குவளையை ஒரு வாய் குடித்தால் முதலில் நாக்கில் படுவது தேங்காய். பெயரில் இல்லாத அந்தத் தேங்காய் எப்போது, எதனால் உள்ளே வந்தது என்று தேடினால்தான் இந்தப் பானத்தின் வரலாறு கைக்குப் பிடிபடும். முதலில் கலக்கியவர் யார் என்ற சண்டையில் இறங்கினால் ஒருபோதும் கரையேற முடியாது.

முதலில் பொருள்களைப் பார்ப்போம். அன்னாசி தென் அமெரிக்கப் பயிர். கரீபியத் தீவுகளின் பழங்குடிகள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அதைப் பயிரிட்டார்கள். கொலம்பஸ் 1493-இல், தன் இரண்டாம் பயணத்தில், குவாதலூப் தீவில் அதைக் கண்டார். பைன் மரத்துக் காய் மாதிரி இருந்ததால் ஸ்பானியர் அதைப் பின்யா என்றார்கள். போர்த்துகீசியரோ, பிரேசிலின் துப்பி மக்கள் சொன்ன சொல்லையே வாங்கி ‘அனனாஸ்’ ஆக்கினார்கள். பழமும் பெயரும் அவர்கள் கப்பலிலேயே நம் கரையில் இறங்கின. அன்னாசி என்ற நம் சொல் அந்தத் துப்பிச் சொல்லின் பேரப்பிள்ளை.

தேங்காய் போனது எதிர்த்திசையில். உலகெங்கிலும் இருந்து 1,300-க்கும் மேற்பட்ட தென்னைகளின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. பயிரான தென்னைக்குத் தாய்நிலம் இரண்டு என்று அது காட்டியது. ஒன்று பசிபிக் பக்கம். மற்றொன்று இந்தியாவின் தென்கோடி, இலங்கை, மாலத்தீவு, இலட்சத்தீவு அடங்கிய இந்தியப் பெருங்கடல் பக்கம். கரீபியக் கரைகளில் இன்று வரிசை கட்டி நிற்கும் தென்னைகள் இந்த இரண்டாவது குடும்பம். வாஸ்கோ ட காமாவின் பயணங்களுக்குப் பிறகு போர்த்துகீசியர் இந்தியப் பெருங்கடலிலிருந்து காய்களை எடுத்துப்போய் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளில் ஊன்றினார்கள். அங்கிருந்து 16-ஆம் நூற்றாண்டில் அவை கரீபியத்துக்குப் போயின. ஆகவே இந்தப் பானத்தைத் தன்னுடையது என்று சொல்லும் கரீபியத் தீவான புவெர்த்தோ ரிக்கோவின் கடற்கரைத் தென்னைக்கு நம் கடற்கரைத் தென்னை தூரத்து உறவில்லை, நேர் உறவு. ரம்முக்கு வேண்டிய கரும்பும் கீழைநாட்டுப் பயிர்தான். 1493-இல் கொலம்பஸ் அதையும் கையோடு கொண்டுபோனார். மூன்றும் ஒரே தீவில் சேர்ந்து வளர்ந்த பிறகும், ஒரே குவளையில் நிலையாகச் சேர ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு ஆயிற்று.

சேராமல் இருந்ததற்குக் காரணம் சுவை இல்லை. புவெர்த்தோ ரிக்கோவில் கிறிஸ்துமஸ் காலத்தில் குடிக்கும் ‘கொகீத்தோ’ ரம்மும் தேங்காய்ப்பாலும் சேர்ந்ததுதான். ‘தெம்ப்ளேக்கே’ என்று தேங்காய்ப்பாலில் ஒரு இனிப்பும் அங்கே உண்டு. வீட்டில் நாள் பார்த்துச் செய்வதற்கு அது சரி. ஒரு மதுக்கூடத்துக்கு அது கட்டுப்படியாகாது. தேங்காயை உடைத்து, துருவி, அரைத்து, பிழிந்து பால் எடுப்பதில் எவ்வளவு நேரம் போகும் என்பது நம் வீடுகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் பிழிந்த பால் வெப்ப நாட்டில் மாலைக்குள் புளித்துவிடும். காய்க்குக் காய் கொழுப்பும் இனிப்பும் மாறும். இன்றைக்குக் குடித்த சுவை நாளைக்கு வராது.

அதனால்தான் பழைய குறிப்புகளில் வரும் பின்யா கொலாடா வேறு ஆளாக இருக்கிறது. 1922-இல் ஓர் அமெரிக்கப் பயண இதழ் கியூபாவில் கிடைத்த பின்யா கொலாடாவை விவரிக்கிறது: அன்னாசிச் சாறு, எலுமிச்சை, சர்க்கரை, ரம், பனிக்கட்டி, எல்லாம் சேர்த்துக் குலுக்கியது. தேங்காய் இல்லை. 1950 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் கியூபாவின் பின்யா கொலாடாவைக் குறிப்பிடும்போது ரம், அன்னாசி, தேங்காய்ப்பால் என்று மூன்றையும் சொல்கிறது. புவெர்த்தோ ரிக்கோவில் பானம் பிறந்ததாகச் சொல்லப்படும் 1954-க்கு நான்கு ஆண்டு முன்பே இந்த வரி அச்சாகிவிட்டது. மூன்று பொருளையும் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு தகர டப்பா. புவெர்த்தோ ரிக்கோ பல்கலைக்கழகத்தில் வேளாண் பேராசிரியராக இருந்த ரமோன் லோப்பஸ் இரிசாரி, 1940-களின் இறுதியில், தேங்காயிலிருந்து கொழுப்பு மிகுந்த பாலை எளிதாகப் பிரித்தெடுத்துச் சர்க்கரையோடு சேர்த்து, கெடாமல் அடைக்கும் முறையை உருவாக்கினார். கோகோ லோப்பஸ் என்று விற்பனைக்கு வந்தது. இதைத் தேங்காய்ப்பால் என்று நினைத்தால் கணக்கே தவறிவிடும். தேனைப் போல் கெட்டியான, சர்க்கரை நிறைந்த தேங்காய்ப் பாகு இது. சர்க்கரை அதைக் காத்தது. கொழுப்பும் நீரும் பிரியாமல் இருக்க பாலிசார்பேட் 60, குவார் கம் போன்ற சேர்மானங்கள் இன்றும் அதில் உண்டு. டப்பாவைத் திறந்து ஊற்றினால் எந்த நாளும் ஒரே இனிப்பு, ஒரே அடர்த்தி. பேராசிரியரின் இந்த வேலைக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்பது என் குறை. நினைவுப் பலகை எல்லாம் குவளையை நீட்டியவர்களுக்கே போயிருக்கிறது.

அந்த உரிமைக்கோரல்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீவின் தலைநகரான சான் ஹுவானின் கரீபே ஹில்டன் விடுதி 1949 டிசம்பரில் திறந்தது. தீவைத் தொழில்மயமாக்கவும் சுற்றுலாவை வளர்க்கவும் அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமே பணம் போட்டுக் கட்டி, நடத்தும் பொறுப்பை ஹில்டனிடம் ஒப்படைத்த விடுதி அது. அங்கே பீச்கோம்பர் மதுக்கூடத்தில் வேலை பார்த்த ரமோன் ‘மோன்சித்தோ’ மரேரோ, பல வாரம் சோதித்து 1954-இல் இதை உருவாக்கினார் என்பது விடுதியின் கணக்கு. அதே விடுதியில் இருந்த ஸ்பானியர் ரிக்கார்தோ கிராசியா வேறொன்று சொன்னார். இளநீர்க் காய்க்குள் ஊற்றித் தந்துகொண்டிருந்த ‘கோகோ லோகோ’ என்ற பானத்துக்குத் தேங்காய் வெட்டுவோர் வேலைநிறுத்தத்தால் காய் வரவில்லை. அன்னாசியைக் குடைந்து அதற்குள் ஊற்றினேன், பழச்சுவை சேர்ந்தது என்றார். பழைய சான் ஹுவானில் பார்ராசினா உணவகத்தின் சுவரில், 1963-இல் ரமோன் போர்த்தாஸ் மிங்கோத் இதே வீட்டில் பின்யா கொலாடாவைப் படைத்தார் என்று ஒரு கல் பதித்திருக்கிறது. இவை போதாதென்று, 1825-இல் சுட்டுக்கொல்லப்பட்ட ரொபெர்த்தோ கோஃப்ரெசி என்ற கடற்கொள்ளையன் தன் ஆட்களுக்கு இதைக் கலக்கிக் கொடுத்தான் என்றும் ஒரு கதை ஓடுகிறது. கப்பலில் பனிக்கட்டிக்கு எங்கே போனான் என்று கேட்டால் அந்தக் கதை அங்கேயே நின்றுவிடும். மற்ற மூன்றில் மரேரோவின் பக்கமே எனக்குக் கனமாகத் தெரிகிறது. அளவுகளோடு ஒரு செய்முறை அவர் பெயரில் நிற்கிறது. டப்பா, மின்சார பிளெண்டர், கடற்கரைக்கு வந்திறங்கும் அமெரிக்கப் பயணிகள் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்ததும் அங்கேதான். அமெரிக்காவில் 1930-களின் இறுதியில் மதுக்கூடங்களுக்குள் நுழைந்த பிளெண்டர் இல்லையென்றால் இந்த நுரையே இல்லை.

மரேரோவின் அளவு இது: வெள்ளை ரம் 60 மில்லி, தேங்காய்ப் பாகு 30 மில்லி, கொழுப்பு மிகுந்த பாலேடு (கிரீம்) 30 மில்லி, அன்னாசிச் சாறு 180 மில்லி, நொறுக்கிய பனிக்கட்டி அரைக் கிண்ணம். 15 விநாடி அடித்து, 350 மில்லி பிடிக்கும் குவளையில் ஊற்றி, அன்னாசித் துண்டும் செர்ரியும் வைப்பது. இன்று குடிப்பதைவிட இது தண்ணீரானது, சாறு தூக்கலானது, இனிப்பு குறைந்தது. உலக மதுக்கலவையாளர் சங்கத்தின் அளவில் ரம் 50, தேங்காய் 30, சாறு 50. சாறு சுருங்கியதும் தேங்காய் முன்னால் வந்து நின்றுவிட்டது. அன்னாசியின் பெயர் தாங்கிய பானத்தில் அன்னாசி பின்வாங்கியதை நான் சரியென்று ஒப்பமாட்டேன்.

கலக்குவது எப்படி, கெடுவது எங்கே

தேங்காயிலிருந்து தொடங்குவோம். டப்பா கிடைத்தால் வாங்கலாம். ஆனால் நல்ல முற்றிய தேங்காய் கையில் இருக்கும்போது அதற்கு அவசியமில்லை. ஒரு பெரிய தேங்காயைத் துருவி, 150 மில்லி வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, துணியில் இறுகப் பிழியுங்கள். முதல் பால் மட்டும் போதும். இரண்டாம் பாலைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லி பாலுக்கு 150 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. மெல்லிய தீயில் கிண்டிக்கொண்டே இருந்து, ஆவி எழும்பி ஓரத்தில் குமிழி தலைகாட்டும்போது இறக்கிவிட வேண்டும். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்று அடுப்படியில் சொல்வது இங்கேயும் அப்படியே பொருந்தும். கொதியில் புரதம் இறுகி எண்ணெயைக் கைவிட்டுவிடுகிறது. ஆறவைத்துப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். டப்பாவில் இருப்பதைவிடச் சர்க்கரை குறைவு என்பதால் அதற்குமேல் நம்ப வேண்டாம்.

வீட்டுப் பாகில் ஒரு சிக்கல் கட்டாயம் வரும். பானம் பளபளவென்று வராமல் வாயில் மணல் மணலாக, வெள்ளைத் துகளாகப் படும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துபோகும். பாகை நேராகப் பனிக்கட்டியின் மேல் ஊற்றினால் கொழுப்பு பட்ட இடத்திலேயே கட்டியாகிவிடுகிறது. டப்பாவில் சேர்மானங்கள் இதைத் தடுக்கின்றன. நாம் வரிசையை மாற்றித் தடுக்க வேண்டும். புட்டியை வெந்நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, மேலே ஏடுகட்டிய கொழுப்பு இளகியதும் குலுக்குங்கள். பிறகு குளிராத சாறோடும் ரம்மோடும் சேர்த்துப் பத்து விநாடி அடியுங்கள். கொழுப்பு நுண்துளிகளாகப் பரவிய பிறகுதான் பனிக்கட்டி. இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிக் குறை தீரும்.

அன்னாசி பறித்த பிறகு இனிப்பேறாத பழம். மாம்பழம் போல வீட்டில் வைத்துப் பழுக்கவிடலாம் என்று காத்திருந்தால் தோல் மஞ்சளாகும், சாற்றில் சர்க்கரை கூடாது. அடிப்பகுதியை முகர்ந்தால் வாசனை வர வேண்டும்; புளித்த கள் வாடை வந்தால் நாள் கடந்தது. கேரளத்தின் வாழக்குளத்திலிருந்து வரும் மொரீஷியஸ் வகை இதற்கு மிகப் பொருத்தம். உருவம் சிறிது, மணம் தூக்கல். பெரிய கியூ வகையில் சாறு கூடுதல், மணம் குறைவு, எலுமிச்சையும் குறைவாகவே பிடிக்கும். தோலும் கண்ணும் நீக்கி, நடுத்தண்டையும் எடுத்துவிட்டு அரைத்து வடியுங்கள். வடிக்கத்தான் வேண்டும், பெயரே அதுதான். வடிக்காவிட்டால் நார் மேலே மிதந்து உறிஞ்சுகுழலை அடைக்கும். புதுச் சாறு பொங்கி நுரைக்கும். நுரையோடு அளந்தால் சாறு குறைந்துபோகும். பத்து நிமிடம் அடங்கவிட்டு அளவெடுங்கள்.

மரேரோவின் பாலேட்டை நான் விட்டுவிடச் சொல்வதற்குக் காரணமும் அன்னாசிதான். சூடாக்காத அன்னாசியில் புரோமிலெய்ன் என்ற நொதி இருக்கிறது. பால் புரதத்தை அது வெட்டித் துண்டாக்கும். அந்தத் துண்டுகள் கசக்கும். கலக்கிய உடனே குடித்தால் தெரியாது. குவளை மேசையில் கால்மணி நேரம் நின்றால் கசப்பு ஏறத் தொடங்கும். ஐஸ்கிரீம் போட்டு அடிக்கும் கடைகளிலும் இதே கோளாறுதான். டப்பாச் சாற்றில் இது நடப்பதில்லை, சூடாக்கி அடைக்கும்போதே நொதி செத்துவிடுகிறது. பாலேடு போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் சாற்றைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சில நிமிடம் வைத்து ஆற்றிக்கொள்ளலாம். மணம் போய்விடும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. தேங்காயின் கொழுப்பே போதும்போது அந்த விலை எதற்கு?

திரிதல் இன்னொரு வகையிலும் வரும். தேங்காய்ப் புரதம் பி.எச். 4-ஐ ஒட்டிய புளிப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அன்னாசிச் சாறு அந்தப் புளிப்பில்தான் இருக்கிறது. இனிப்புச் சேர்க்காத தேங்காய்ப்பாலை அப்படியே ஊற்றினால் சிறிது நேரத்தில் மேலே தயிர்த் திவலை போலப் பிரிந்து நிற்கும். கெட்டிப் பாகில் இது மெதுவாகத்தான் நடக்கும். சர்க்கரையைக் குறைக்கிறேன் என்று பாகை முழுவதும் விட்டுவிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு குவளைக்கு நான் சொல்லும் அளவு: வெள்ளை ரம் 60 மில்லி, அன்னாசிச் சாறு 90, தேங்காய்ப் பாகு 45, எலுமிச்சைச் சாறு 10, நொறுக்கிய பனிக்கட்டி 150 கிராம். பனிக்கட்டியில் பாதிக்குப் பதிலாக, முந்தின நாளே உறையவைத்த அன்னாசித் துண்டுகளைப் போட்டால் இன்னும் நல்லது. நீர்த்துப்போகாமல் அடர்த்தி கிடைக்கும். 40 சதவீத ரம் என்றால், எல்லாம் உருகிச் சேரும்போது இதில் ஆல்கஹால் 7 சதவீதத்துக்கு அருகில் நிற்கும். இனிப்பில் மறைந்து நிற்பதால் நாக்குக்கு அவ்வளவு தெரியாது, உடம்புக்குத் தெரியும். புவெர்த்தோ ரிக்கோ ரம் சட்டப்படி குறைந்தது ஓராண்டு மரப்பீப்பாயில் இருந்தாக வேண்டும். அதனால் வெள்ளை ரம் என்றாலும் அதில் கொஞ்சம் உருண்டையான சுவை இருக்கும். நம் ஊரில் எளிதில் கிடைக்கும் கறுப்பு ரம்மை ஊற்றினால் நிறம் மங்கி, வெனிலாவும் வெல்லமும் கலந்த வாசனை மேலெழும். அதுவும் சுவைதான். ஆனால் 45 மில்லியோடு நிறுத்தி, பாகை 35-ஆகக் குறைக்க வேண்டும்.

வீட்டு மிக்சியில் முழுப் பனிக்கட்டியைப் போடாதீர்கள். பிளேடு மழுங்கும், ஜாரின் அடியிலுள்ள கப்ளர் தேயும், கட்டியும் உடையாது. துணியில் கட்டி அடித்து நொறுக்கிவிட்டு, விட்டுவிட்டு மூன்று நான்கு முறை சுற்றினால் போதும். மொத்தம் 20 விநாடியைத் தாண்டினால் பிளேடின் உராய்வுச் சூடே பனிக்கட்டியை உருக்கிவிடும். குளிர்பெட்டிக்கு வெளியே கிடந்து மேலெல்லாம் ஈரம் கோத்த பனிக்கட்டியும் ஆகாது. அந்த ஈரம் அப்படியே பானத்தில் நீராகச் சேரும். அடித்து முடித்ததும் கரண்டியில் எடுத்தால் சரிந்து விழ வேண்டும், கொட்டவும் கூடாது, ஒட்டி நிற்கவும் கூடாது. குவளையை முன்பே குளிரவையுங்கள்.

தீவைத் தாண்டி

1978-இல் புவெர்த்தோ ரிக்கோ அரசு இதைத் தன் அதிகாரபூர்வ பானமாக அறிவித்தது. மறு ஆண்டின் இறுதியில் பின்யா கொலாடாவைப் பல்லவியில் வைத்த ஒரு பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. தீவுக்குப் போகாதவர்களுக்கும் பெயர் மனப்பாடமானது அப்போதுதான். இவற்றோடு ஒப்பிட்டால் அதிகம் பேசப்படாத ஒரு காரணம் இயந்திரம். 1971-இல் டல்லாஸ் நகர உணவக உரிமையாளர் மரியானோ மார்ட்டினஸ், மென் ஐஸ்கிரீம் எந்திரத்தை மாற்றியமைத்து மார்கரிட்டா என்ற மதுக்கலவையை உறைகூழாக வடித்தெடுத்தார். அந்த எந்திரம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வழியில் வந்த எந்திரங்கள் பின்யா கொலாடாவையும் சுற்றத் தொடங்கின. ஒரு குழாயைத் திறந்தால் நிமிடத்துக்குப் பல குவளை. ஆனால் எந்திரம் சர்க்கரை கேட்கும். கலவையில் நூற்றுக்கு 13 பங்கு அளவுக்காவது சர்க்கரை இல்லையென்றால் கூழாகாமல் கல்லாக உறைந்து துடுப்பைப் பிடித்துக்கொள்ளும். குளிரில் நாக்கு இனிப்பை மட்டமாகவே உணரும் என்பதால் மேலும் சர்க்கரை சேர்ந்தது. புதுச் சாறு போய், புட்டியில் வரும் மஞ்சள் கலவை வந்தது. மதுக்கலவை தெரிந்தவர்கள் இந்தப் பானத்தைப் பல ஆண்டு ஒதுக்கிவைத்ததற்கு எந்திரத்துக்காகக் கூட்டிய இந்த இனிப்பே காரணம்.

பக்கத்துத் தீவுகளில் அதன் உடன்பிறப்புகள் உண்டு. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில், யோஸ்ட் வான் டைக் தீவின் சாகி டாலர் மதுக்கூடத்தில் 1970-களில் பிறந்த பெயின்கில்லர் அவற்றில் தலைசிறந்தது. அன்னாசி நான்கு பங்கு, ஆரஞ்சு ஒரு பங்கு, தேங்காய்ப் பாகு ஒரு பங்கு, அடர் கடற்படை ரம், மேலே துருவிய சாதிக்காய். அடிக்காமல் குலுக்கியே தருவார்கள். சாதிக்காயின் காரநெடி தேங்காயின் கொழுப்பை வெட்டிவிடும். பின்யா கொலாடா திகட்டுகிறது என்பவர்களுக்கு இதையே சொல்வேன். ரம்முக்குப் பதில் வோட்கா ஊற்றினால் சீச்சீ என்று பெயர். மணமில்லாத வோட்கா அங்கே சாதிப்பது எதுவுமில்லை.

நம் பக்கம் இது பரவியது பெரும்பாலும் ரம் இல்லாமல். அதில் நடக்கும் தவறு, ரம்மை மட்டும் எடுத்துவிட்டு மற்ற அளவுகளை அப்படியே வைப்பது. ஆல்கஹாலின் காரம் போனதும் இனிப்புக்கு எதிர்நிற்க ஒன்றுமில்லை, உறைநிலையும் உயர்ந்து கூழ் இறுகிப்போகும். ரம் இல்லாத குவளைக்குச் சாறு 130 மில்லி, பாகு 30, எலுமிச்சை 15, உப்பு ஒரு சிட்டிகை, பனிக்கட்டி 120 கிராம் போதும். விரல் நீளத்துக்கு இஞ்சி தட்டிப் பிழிந்த சாறு அரை தேக்கரண்டி விட்டால் ரம்மின் காரம் இருந்த இடம் காலியாகத் தெரியாது. குடிப்பவரும் குடிக்காதவரும் கலந்திருக்கும் விருந்தில் நான்கு பேருக்கு இந்த அளவிலேயே சேர்த்து அடித்து ஊற்றிவிடுங்கள். வேண்டியவர் குவளையில் மட்டும் 45 மில்லி ரம்மைக் கடைசியில் ஊற்றி, நீண்ட கரண்டியால் அடியிலிருந்து மேலாக இரண்டு முறை கிளறினால் போதும்.